அடைப்பு எடுத்துப் பன்னிரண்டு வருஷம்

"ஏனுங்க, ஸ்டென்ட் வெச்சா எத்தனை வருசம் தாங்குமுங்க?"

இதைக் கேட்காத ஆள் குறைவு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், களத்துக்குத் தேங்காய் கொண்டுவரும் லாரி டிரைவர் கேட்பார். கம்ப்ரசர் மோட்டாருக்கு வாரண்டி கேட்கிற தோரணையில்தான் கேட்பார்கள். நானும் ரொம்ப நாள், "நாம போனாலும் அது இருக்குமுங்க" என்று சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன். மாரடைப்பில் அடைத்துப்போன இதய ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கிற அந்தக் கம்பி வலையைப் பற்றிக் கவலைப்பட எனக்கு அதிகம் இருக்கவில்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கிற சதை எவ்வளவு மிஞ்சியது என்பதிலேதான் என் பன்னிரண்டு வருஷமும் ஓடியிருக்கிறது.

எனக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம். காய் உடைத்து, காயவைத்து, பருப்பை எண்ணெய் ஆலைக்குப் போடுகிற தொழில். 2013 ஆடி மாசம், வயது 49. விடிகாலை நாலரை மணிக்கு நெஞ்சுக்கு நடுவில் ஒரு அழுத்தம். வலி என்றுகூடச் சொல்ல மாட்டேன். மூட்டையை மேலே வைத்துவிட்டு யாரோ எடுக்க மறந்த மாதிரி. இடது தாடை கூசியது. ஆடிக் காத்து வீசிக்கொண்டிருந்த நேரம், எனக்குப் பனியன் நனைகிற அளவுக்கு வேர்வை. அம்மா பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரி சோடா வாங்கி வரச் சொன்னாள். ராத்திரி ஒறம்பரை வந்திருந்ததால் கறிச்சோறு கொஞ்சம் எச்சாகத்தான் போயிருந்தது. வாயுப் பிடிப்பு என்று நாங்கள் எல்லாருமே ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம்.

ஏழு மணிக்கு ஒரு கிளினிக்குக்குப் போனேன். பேர் வேண்டாம். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்து, கேஸ் ஊசி போட்டு, "எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இசிஜி எடுக்கவில்லை. மிஷின் அங்கே சுவரோரமாகத் துணி போர்த்தி இருந்தது, எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வந்தபோது வலி குறைந்த மாதிரி இருந்ததால் களத்துக்கே போய்விட்டேன். பத்தரைக்கு மறுபடி வந்தது, இந்த முறை வாந்தியோடு. இரண்டாவது ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தபோது மணி பதினொன்றே முக்கால். அங்கிருந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் என் மகனைப் பார்த்தார்.

ஆஸ்பிரின் மென்று தின்னச் சொன்னார்கள், கூடவே நாலு மாத்திரை. மகன் காரிலேயே பல்லடம், சூலூர் வழியாகக் கோவைக்கு ஓட்டினான். சூலூர் தாண்டும்போது எனக்குக் கண் இருட்டியது. காரில் ஆக்சிஜனும் இல்லை, ஷாக் கொடுக்கிற மிஷினும் இல்லை. நடு ரோட்டில் துடிப்பு தாறுமாறாகி இருந்தால் அவனால் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. 108-க்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அவன் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான். கோவையில் தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற பெரிய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைப் பலூனால் திறந்து ஸ்டென்ட் வைத்தபோது மணி மதியம் இரண்டே கால். வலி ஆரம்பித்து ஒன்பதே முக்கால் மணி நேரம்.

முழு அடைப்பு மாரடைப்பில் இந்த வேலையை 12 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குள் நான் வந்துவிட்டேன். ஆனால் 12 என்பது கடைசி பஸ் மாதிரி. சீட்டு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படலாம், ஆனால் ஊருக்குப் போய்ச் சேரும்போது நோம்பி முடிந்திருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் திறந்தால் தப்பிக்கிற சதை வேறு, ஆறு மணி நேரம் கழித்துத் தப்பிக்கிற சதை வேறு.

இதை எனக்குப் புரியவைத்தது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை. எங்கே விவசாயம் என்று கேட்டார். களத்துக்குக் கொஞ்சம் தள்ளி மூணு ஏக்கர் இருக்கிறது, கீழ்பவானிப் பாசனத்தின் கடைமடைப் பக்கம் என்றேன். "அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லீங்க. தண்ணி வந்துருச்சு. எது தழையும், எது காஞ்சதுன்னு ரெண்டு மூணு மாசம் போனாத்தான் தெரியும்" என்றார். கடைமடைக்காரனுக்கு இது போதும். மதகு திறந்த செய்தி வந்ததுமே பயிர் பிழைத்துவிட்டதாக எங்கள் பக்கம் யாரும் நினைப்பதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங், அதாவது உள்ளே நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளுகிற பங்கு, 34 சதவீதம். இயல்பாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த 34-ஐ எழுதிய தாளைப் பார்த்து என் வீட்டுக்காரி, பரீட்சையில் பாஸ் மார்க் 35 என்று சொல்லி அழுதாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. 35-க்குக் கீழேயே நின்றுவிட்டால், திடீரென்று துடிப்பு குழம்பி உயிர் போகிற ஆபத்து அதிகம் என்பதால், தோளுக்குக் கீழே ஒரு ஷாக் கருவியைப் பதித்து வைப்பது பற்றி யோசிப்பார்கள். அதற்காக உடனே ஓடவும் மாட்டார்கள். ரத்தம் நின்றபோது சில சதை செத்துப்போகும், சில சதை மயங்கி மட்டும் கிடக்கும். மயங்கினது எழுந்திரிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் அடைப்பு எடுத்து மூணு மாசம் மாத்திரையோடு பொறுத்திருந்து மறுபடி எக்கோ எடுத்த பிறகுதான் முடிவு. நான் கண்ட ஆட்கள் நிறையப் பேர் முதல் எக்கோவைப் பார்த்தே மனசு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது எக்கோதான் பேசும். எனக்கு மூணாம் மாசம் 42 வந்தது. இப்போது 44, 45-ல் நிற்கிறது. காய்ந்துபோன பகுதி தழும்பாகத்தான் இருக்கும், அதில் இனிச் சதை முளைக்காது.

மச்சினனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தாராபுரம் பக்கம் அவன். 2016-ல் அவனுக்கும் அதே ரத்தக்குழாயில், ஏறக்குறைய அதே இடத்தில் அடைப்பு. வலி ஆறேகாலுக்கு வந்தது. என் கதையை மூணு வருஷமாகக் கேட்டு அலுத்துப்போயிருந்த அவன் சம்சாரம், சோடாவுக்கு ஆள் அனுப்பவில்லை. ஏழு மணிக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இசிஜி, ஏழேகாலுக்குக் கட்டியைக் கரைக்கிற மருந்து. 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. வலி அங்கேயே அடங்கிவிட்டது. மறுநாள் கோவையில் ஆஞ்சியோ, அதாவது குழாய் விட்டு ரத்தக்குழாயைப் படம் பிடிக்கிற சோதனை, செய்து, மிச்சம் இருந்த அடைப்புக்கு ஸ்டென்ட். அவன் பம்பிங் 58.

எனக்கு நடந்தது பெரிய ஆஸ்பத்திரியில் நேரடியான பலூன் வைத்தியம். அவனுக்கு முதலில் நடந்தது தாலுகா ஊரில் ஒரு சொட்டு மருந்து. கேட்கிறவர்கள் என்னுடையதுதான் உசத்தி என்பார்கள். பொதுவாக அது சரிதான். நெதர்லாந்தில் ஒரு ஆராய்ச்சியில் இரண்டு வகை ஆட்களையும் சுமார் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், 1999-ல் வெளியானது. பலூன் வைத்தவர்களில் இறந்தவர்கள் 13 சதவீதம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவர்களில் 24. ஆனால் அந்த ஒப்பீடு இரண்டும் சட்டென்று கிடைக்கிற ஊருக்கு. காங்கேயத்திலிருந்தோ மூலனூரிலிருந்தோ கோவைக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகிற நமக்கு, முதலில் பக்கத்திலேயே கரைக்கும் மருந்து, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய இடத்தில் ஆஞ்சியோ என்கிற வழி ரொம்ப நல்ல வழி. தமிழ்நாட்டிலேயே இப்படிச் சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதி உள்ள இடங்களையும் ஆம்புலன்ஸோடு கோத்துப் பார்த்தார்கள். 2,420 பேர். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதமாக இருந்தது, கோத்த பிறகு 14.2 ஆனது. 2017-ல் வந்த முடிவு இது.

ஆஸ்பிரினைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆராய்ச்சியில் மாரடைப்பு வந்த 17,187 பேர். ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள், ஆஸ்பிரினோ கரைக்கும் மருந்தோ தராதவர்களில் 13.2 சதவீதம். ஆஸ்பிரினும் கரைக்கும் மருந்தும் சேர்த்துத் தந்தவர்களில் 8. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் கரைந்து போகவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்ததை அவர்கள் பத்து வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வழி இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது. 2023-லிருந்து தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் வேளை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்த்து 14 மாத்திரை. கோவைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதல் வருஷத்தைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று, பயம். நாலு மாசம் நான் களத்துக்கே போகவில்லை. ஏப்பம் வந்தால் பயம், தோள் பிடித்தால் பயம், ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுத்தால் என் துடிப்பே எனக்குக் கேட்டுப் பயம். ஒறம்பரை ஒருத்தர் விடாமல் வந்து ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு, தங்கள் ஊரில் யார் யார் இப்படிச் செத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். காரணம் இல்லாமல் அழுகை வரும். ஆம்பளை அழுதால் வீடே பதறும் என்று மாட்டுச் சாளையில் போய் நின்று அழுதிருக்கிறேன். மாரடைப்புக்குப் பிறகு இந்த மனச்சோர்வு நிறையப் பேருக்கு வரும், வைத்தியம் உண்டு, இதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் கெடுதல் என்று செக்கப்பில் தற்செயலாகத்தான் தெரிந்தது. என் மகன்தான் சொல்லிவிட்டான், நானாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நடையும் உதவியது. பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் ஐந்து நிமிஷம், களத்தைச் சுற்றி. காய்கிற பருப்பை மிதிக்காமல் சுற்ற வேண்டும் என்பதால் நடை தானாக நிதானமாகிவிடும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். இப்போது தினம் 40 நிமிஷம். புருஷன் பொண்டாட்டி விஷயத்தைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். ரெண்டு மாடி சிரமமில்லாமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை என்று என் டாக்டரே பேச்சை எடுத்துச் சொன்னார். ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் வகை மாத்திரை எடுக்கிறவர்கள் வயாக்ரா மாதிரியான 'அந்த' மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் கிணற்றில் விழுகிற மாதிரி விழும்.

ரத்தம் உறையாமல் இருக்க இரட்டை மாத்திரை ஒரு வருஷம். அஞ்சாம் மாசம் கடவாய்ப் பல் ஒன்று தகராறு செய்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், "அஞ்சு நாளைக்கு ரெண்டையும் நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். எனக்கும் பல்வலிதான் பெரிசாகத் தெரிந்தது, சரி என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரி விடவில்லை, கோவைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் சத்தம் எனக்கே கேட்டது. புது ஸ்டென்டுக்குள் கட்டி உறைந்தால் அது மறுபடி ஒரு முழு மாரடைப்பு. பல் எடுக்கிற இடத்தில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். மாத்திரையோடுதான் பல் எடுத்தார்கள், அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பல்லோ, கண்ணோ, மூலமோ, யார் நிறுத்தச் சொன்னாலும் ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

இவ்வளவு பேசுகிற நான் பண்ணின முட்டாள்தனம் இனிதான். 2017 கடைசியில் முழங்கால் வலி. கொழுப்பு மாத்திரைதான் காரணம், அது ஈரலையும் தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அனுப்பியவர் படித்தவர். டாக்டரிடம் சொல்லாமலே அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் காய்ச்சின கஷாயம் குடித்தேன். முழங்கால் வலி குறையவே இல்லை, அது வேறு கதை, தேய்மானம். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு மாத்திரையோடு 62-ல் இருந்தது. நிறுத்தின பிறகு நான் சோதிக்கவே இல்லை. 2019 தைப்பூசத்துக்குச் சிவன்மலைப் படி ஏறும்போது பாதியில் நெஞ்சு இறுகியது. உட்கார்ந்தால் விட்டது, ஏறினால் பிடித்தது. இந்த முறை கேஸ் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

எல்டிஎல் 148. ஆஞ்சியோவில் 2013-ல் வைத்த ஸ்டென்ட் பளிச்சென்று திறந்திருந்தது. வலது பக்கக் குழாயில் புதிதாக 80 சதவீத அடைப்பு. ஸ்கிரீனில் அதைக் காட்டினபோது தலை குனிந்துகொண்டேன். "எத்தனை வருஷம் தாங்கும்" என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தப் படம்தான். வலை வைத்த ஒன்றரை அங்குலத்தைத் தவிர மிச்சக் குழாய் எல்லாம் பழைய குழாய்தானே. ஒரே ஆறுதல், 2013-ல் ஸ்டென்டுக்கு மட்டும் லட்ச ரூபாய்க்கு மேல் கட்டினேன். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசின ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துவிட்டதால் இந்த முறை ஸ்டென்ட் செலவு முப்பதாயிரத்தை ஒட்டித்தான் வந்தது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு, வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் அட்டையை வீட்டில் பூட்டி வைக்காமல் கையோடு கொண்டு போங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றுவதற்கு வழி இருக்கிறது. எனக்கு இதயத்தின் பாரத்தைக் குறைக்கிற ராமிப்ரில் போட்டதில் வறட்டு இருமல், ரெண்டு மாசம் தூசி என்று நினைத்துக் களத்தில் மூக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். சொன்ன உடனே வேறு வகைக்கு மாற்றினார்கள், இருமல் போய்விட்டது. மச்சினனுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற டிகாக்ரலோரில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, அதையும் மாற்றினார்கள்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உப்பு பாதி, ஊறுகாயும் உப்புக்கண்டமும் இல்லை, கறி மாசம் ஒரு தரம். தேங்காய் விற்றுப் பிழைக்கிறவன் வீட்டில் குழம்புக்குத் தேங்காய் அளந்து போடுகிற கொடுமை மட்டும் என் அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. பீடி அன்றைக்கு விட்டது, தொடவில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். பம்பிங் குறைந்தவர்களுக்கு உடம்பில் நீர் சேரும். கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரியும் முன்னே எடையில் தெரியும். எங்கள் களத்தில் மூட்டை போடுகிற எடை மேடை இருக்கிறது. தினம் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் அதன் மேல் ஏறி நிற்பேன். எண்ணை சரக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். 71.4, 71.2, 71.6 என்றே போகும். 2021 பங்குனியில் ஒரு கல்யாண வாரம், ரசமும் அப்பளமுமாகத் தின்றதில் மூணு நாளில் 73.8. படுத்தால் மூச்சு திணறவில்லை, காலும் வீங்கவில்லை. நோட்டைப் பார்த்துத்தான் போன் செய்தேன். நீர் மாத்திரையைக் கூட்டி அங்கேயே அடக்கிவிட்டார்கள். அதன் பிறகு, எனக்குச் சர்க்கரை இல்லாதபோதும், சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற டாபாகிளிஃப்ளோசினைச் சேர்த்தார்கள். மெடிக்கல் கடைப் பையன், "உங்களுக்கு எப்பருந்துங்க சுகர்?" என்று கேட்டான். அது இதயத்துக்கும் வேலை செய்கிற மருந்தாம்.

இன்னொன்று, என் பழைய இசிஜியைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன், மகன் போனிலும் இருக்கிறது. தழும்பு உள்ள இதயத்தின் இசிஜி எப்போதுமே கோணல்தான். பழசோடு ஒப்பிட்டால்தான் புதுசு எது என்று தெரியும்.

மச்சினன் இன்றைக்கும் கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். நான் ரெண்டாவது மாடியில் ஒரு நிமிஷம் நின்றுதான் ஏறுவேன். எங்கள் ரெண்டு பேருக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். சில நாள் அவனைப் பார்த்தால் வயிறு எரியும், மறைக்க வேண்டியதில்லை.

போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், போன் செய்தார். "தம்பி, நெஞ்சு கரிக்குது, வாயுதான்னு நெனைக்கறன். அந்த ஓமத் தண்ணி எப்படிக் காச்சோணும்?" என்றார். ஓமத் தண்ணியை நாளைக்குக் காய்ச்சலாம், இப்பவே போய் இசிஜி எடுங்கண்ணா என்று சத்தம் போட்டேன். போனார். முதல் இசிஜி நன்றாக இருந்தது. அதை நம்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டாம் என்று மறுபடி போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று எடுத்தார்கள், இதயச் சதை அடிபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் அவர் தோப்பிலிருந்து காய் லோடு வந்தது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது, "வெறும் வாயுக்கு உன்ற பேச்சைக் கேட்டு ஆயிரத்தி எட்டுநூறு ரூவா தண்டம்டா. அதையும் லோடுக் கணக்குல சேத்திக்க" என்றார்.

சேர்த்துக்கொண்டேன்.